மாமன் மடியும் ரெண்டு வாசலும்

என் பேத்திக்குக் காது குத்துற பேனர்ல என் பேரை எடுத்துட்டு மருதுபாண்டி பேரைப் போட்டிருந்தாங்க. விசயம் இதுதான். இதைச் சொல்லணும்னா கடையில இருந்த கம்ப்யூட்டருகளைப் பத்தியும் சொல்லணும். அதுல பாதிதான் எனக்கு விளங்கும். விளங்குன பாதியைச் சொல்றேன்.

கடை ராமநாதபுரம் அரண்மனைக்குப் பின்னாடி. எழுபத்தி நாலுல முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து மிளகாய்க் காட்டை விட்டுட்டு வந்து, காலால மிதிக்கிற ட்ரெடில் மிஷின் ஒண்ணைப் போட்டு ஆரம்பிச்சேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கு பில் புக்கு. திருப்பாலைக்குடி, புதுமடம் ஆளுகளும் நிக்காஹ் பத்திரிகைக்கு என்கிட்டதான் வருவாக. படிச்சது மூணாவது. அச்சுல எழுத்து இடம் வலம் மாறித்தான் கிடக்கும், அதனால நேரா எழுத வராதது தொழிலுக்கு ஒரு குறையாத் தெரியலை.

சுனாமி வந்து போன மறு வருசம் கடை என் மருமகன் குருநாதன் கைக்குப் போயிருச்சு. ட்ரெடிலைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுக் கம்ப்யூட்டர் வச்சார். ஃப்ளெக்ஸ் பேனர் வந்துருச்சு, அதுதான் ஓடுச்சு. மாப்பிள்ளை நல்லவர். எனக்கும் நல்லவர், எனக்கு ஆகாதவனுக்கும் நல்லவர். அவர்கிட்ட எனக்குப் பிடிக்காதது அது ஒண்ணுதான்.

எனக்கு ஆகாதவன்னா என் தம்பி வேல்சாமி. கூடப்பிறந்தவனை அப்படிச் சொல்லலாமான்னு கேப்பீக. அய்யா பாகம் பிரிச்சப்ப கிணறு இருந்த காடு அவனுக்கு, கரடு எனக்கு. அவன் முருங்கைக் கொம்பை ஊண்டுனா காய்க்கும், நான் ஊண்டுனா ஆடு மேயும். என் பொண்டாட்டி சோணையம்மாளுக்கு ஒத்தைப் பொண்ணு பூமயிலோட வயிறு மூடிக்கிச்சு. அவளும் போய்ச் சேந்துட்டா. வேல்சாமி பொண்டாட்டிக்கு முதப் பிள்ளையே ஆணு. அவந்தான் மருதுபாண்டி. அவன் பிறந்தப்ப வேல்சாமி ஊருக்கே சீனி கொடுத்தான். எனக்கு மட்டும் ரெண்டு கை அள்ளிக் கொடுத்தான். அது பாசத்துல கொடுத்ததுன்னு பூமயிலு இன்னைக்கும் சொல்லுவா. இல்லாதவனுக்கு ஒருத்தன் ஏன் கூட அள்ளிக் கொடுக்குறான்னு எனக்குத் தெரியும்.

அந்த மருதுபாண்டியைத்தான் மாப்பிள்ளை என்னைக் கேக்காம என் கடையிலயே வேலைக்கு வச்சார். சிவகாசியில அச்சாபீஸ்ல இருந்தவன், டிசைன் பண்ணுவான். அவன் இருந்த அச்சாபீஸை மூடுனப்ப அங்கன கிடந்த மேக் கம்ப்யூட்டரைப் பழசா வாங்கி, அதோட சேத்து அவனையும் கூட்டிட்டு வந்துட்டார். அவனுக்கு ஏசி போட்ட உள்ரூமு. முன்னாடி கவுண்டர் பக்கம், புழுக்கத்துல, கீழக்கரையில இருந்து வர்ற மலிகாங்கற பிள்ளை. அது உக்காருறது விண்டோஸ் கம்ப்யூட்டரு. டைப்பிங், பில்லு, திருத்தம் எல்லாம் அதுதான்.

மாடிப்படிக்குக் கீழ ஒரு பெட்டி இருந்துச்சு. அதுக்கு டிவி மாதிரி மூஞ்சி கிடையாது, வெறும் பெட்டி. எந்நேரமும் இரைஞ்சுக்கிட்டே கிடக்கும்.

"இது சர்வர் மாமா. கடை வேலை எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"அந்தப் பிள்ளை வேலையும் இதுக்குள்ளதானா? உள்ரூம் பய வேலையும் இதுக்குள்ளதானா?"

"ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல. ஆனா விண்டோஸும் மேக்கும் வேற வேற பாஷை பேசும். அதனால ஒரே அலமாரிக்கு ரெண்டு வாசல் வச்சிருக்கேன். மலிகா சாம்பாங்கற வாசல் வழியாப் போகும். மருது ஏ.எஃப்.பி.ங்கற வாசல் வழியாப் போவான். எதுல போனாலும் உள்ள இருக்கிறது ஒண்ணுதான்."

"ஆளுக்கு ஒரு அலமாரி கொடுத்தா என்ன?"

"இங்கன திருத்துனது அங்கன இருக்காது மாமா. எது புதுசு எது பழசுன்னு தெனமும் அடிச்சுக்கிடணும்."

"ரெண்டு வாசல் வச்ச தொழுவத்துல கன்னு தங்காது மாப்பிள்ளை."

"இது கன்னு இல்லையே மாமா."

"களவு போறதுக்குக் கன்னாத்தான் இருக்கணுமா?"

சிரிச்சுட்டுப் போயிட்டார். படிச்சவுக சிரிச்சாகன்னா பதில் இல்லைன்னு அர்த்தம்.

பேத்திக்குக் காது குத்த நாள் பாத்தாங்க. பிள்ளைக்கு எல்லாமே அப்பன் வீட்டுது. இனிஷியல் அவுகளுது, குலசாமி அவுகளுது, மொட்டை போடுறது அவுக கோயில், வெட்டுற கிடா அவுக கிடா. தாய் வீட்டுக்குன்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், மாமன் மடி. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். பூமயிலுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அப்ப அந்த மடி யாருக்கு? பெத்தவன் எனக்குத்தான். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு நான் யாருகிட்டயும் கேக்கலை.

நேரா மலிகாகிட்டப் போய் பேனருக்குச் சொன்னேன். நடுவுல பிள்ளை படம், ஓரத்துல என் படம். கீழ, 'தாய்மாமன் ஸ்தானத்தில் மடியமர்த்துபவர்: தாத்தா வீரையா'. என் படத்துல நரையைக் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சமா பெரியய்யா?" என்றது அந்தப் பிள்ளை.

"போதும். ரொம்பப் போனா வேல்சாமி மாதிரி ஆயிரும்." அவன் மை பூசுறவன்.

மறுநாள் காலையில வந்து, காட்டு பாப்போம்னேன். திறந்துச்சு. பிள்ளை படம் இருக்கு. என் படம் இருந்த இடத்துல மருதுபாண்டி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். கீழ, 'தாய்மாமன்: மருதுபாண்டி'. ஸ்தானத்தில்னுகூட இல்லை. நேரா தாய்மாமன்.

"யாரு சொல்லி மாத்துன?"

"வல்லாஹி, நான் தொடலை பெரியய்யா. நேத்து நீங்க பாக்க சேவ் பண்ணிட்டுத்தானே வீட்டுக்குப் போனேன்."

"அப்ப ஜின்னு வந்து மாத்துச்சா?"

"ஜின்னுக்குக் கோரல்ல டிசைன் பண்ணத் தெரியாது" என்று முணுமுணுத்துச்சு. வாய்க்குக் குறைச்சல் இல்லாத பிள்ளை.

திரும்ப என் பேரைப் போடச் சொல்லி, கூடவே நின்னு பாத்து, சேவ் பண்ண வச்சேன். சாயங்காலம் பாத்தா மறுபடியும் அவன். காடு போச்சு, கிணறு போச்சு, ஆம்பளைப் பிள்ளை போச்சு. இப்ப பேத்தி உக்கார்ற மடியையும் அந்தக் குடும்பம் எடுத்துக்கிடப் பாக்குது. அதுவும் என் கடைக்குள்ள, ஏசியில உக்காந்துக்கிட்டு.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "அந்த ஃபோல்டருக்குப் பூட்டுப் போடுங்க. இந்தப் பிள்ளையைத் தவிர எவனும் தொடக்கூடாது."

"மருதுவா மாத்தினான்னு நெனைக்கிறீக? அவன் அப்படிப்பட்ட ஆளில்ல மாமா."

"எப்படிப்பட்ட ஆளுன்னு நான் அவன் அப்பன்கிட்ட இருந்தே பாத்துட்டு வாரேன். பூட்டுங்க."

பெட்டி முன்னாடி உக்காந்து என்னத்தையோ தட்டுனார். பூட்டிட்டேன், இனி மலிகா பேரைச் சொல்லித்தான் எழுத முடியும்னார். நான் நம்பலை. மறுநாள் ஸ்டூலைப் போட்டு மலிகா பக்கத்துலயே உக்காந்துட்டேன். பேனரைத் திறந்து வச்சு, மூடாம அப்படியே வச்சிரு, சாப்பிடவும் இங்கனயே சாப்பிடுன்னு சொல்லிட்டேன்.

"நான் திறந்து வச்சிருக்கும்போது வேற யாராலயும் எழுத முடியாது பெரியய்யா. கேட்டுல காவக்காரரு இருக்கிற மாதிரி. உள்ள ஆள் இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிரும்."

"அப்ப நல்லது."

பகல் பூரா திரையில என் மூஞ்சிதான். எனக்கே அலுத்துப் போச்சு. புதுமடத்துல இருந்து பாக்கர் நாட்டுப்படகு சங்க நோட்டீஸுக்கு வந்தவரு எட்டிப் பாத்து, "என்ன வீரையா, எலெக்சன்ல நிக்கிறீரா?" என்றார். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் அவர் நோட்டீஸுக்காக மலிகா பேனரை மூடுச்சு. ரெண்டே நிமிசத்துல அவரை அனுப்பிட்டுத் திரும்பத் திறந்துச்சு. மருதுபாண்டி. அதே பல்லு.

அந்தப் பிள்ளை மூஞ்சியே மாறிப்போச்சு. "காலையில இருந்து நான் உள்ள இருந்தேனே, மூடுனது ரெண்டு நிமிசம்தானே" என்றது. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும், அது பொய்யில்ல.

இனி என்ன கேள்வி, உள்ரூம்தான். அந்தக் கதவை எப்பவும் சாத்தித்தான் வச்சிருப்பாங்க, குளிரு போயிரும்னு. இன்னைக்கு அவன் சட்டையைப் பிடிக்கிறதுன்னு கதவைத் தள்ளுனேன்.

மருதுபாண்டி இல்லை, சாப்பிடப் போயிருந்தான். அவன் நாற்காலியில என் மக பூமயிலு உக்காந்திருந்தா. வீடு மாடியில, பிள்ளையைத் தூங்கப் போட்டுட்டுப் பின்படி வழியா இறங்கி வந்திருக்கா. திரையில பேனரு. என்னைப் பாத்து எந்திரிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நீயா மாத்துன?"

"ஆமாய்யா. நீங்க போடுறீக, நான் எடுக்குறேன். மூணு நாளா இதே வேலையாப் போச்சு."

"அவன் சொல்லிக் கொடுத்தானா?"

"கம்ப்யூட்டரு சொல்லிக் கொடுத்தான். பேரு மாத்துறது நானா செஞ்சது. அவன்கிட்டக் கேட்டா, பெரியப்பா பேரையே போட்டுரு அக்கா, எனக்கு எதுக்கு வம்புங்கிறான்."

இதுக்கு அவன் என் சட்டையைப் பிடிச்சு ரெண்டு அறை விட்டிருக்கலாம். அவன் விட்டுக் கொடுத்து எனக்குக் கிடைக்கணுமாம் என் பேத்தி மடி.

"எனக்கு என்ன குறைன்னு அவனைத் தேடிப் போன?"

"உங்களுக்குக் குறையில்லய்யா. வயசு இருக்கு." திரையைப் பாத்துக்கிட்டேதான் பேசுனா. "காது குத்துறதோட முடியுதா? நாளைக்கு அவ பெரிய மனுசி ஆனா ஓலைக் குச்சு கட்ட மாமன் வேணும். கல்யாணத்துக்கு மாமன் மாலை வேணும். கட்டிக் கொடுத்த இடத்துல அடிச்சு அனுப்புனா, ஏண்டான்னு போய்க் கேக்க ஒரு ஆம்பளை வேணும். எனக்கு அண்ணன் தம்பி இல்லாம நான் பட்டது எனக்குத் தெரியும். மருது இன்னைக்கு மடியில வச்சுட்டான்னா, ஊரறிய அவன் மாமன். அப்புறம் அவன் நெனச்சாலும் கழட்டிக்கிட முடியாது."

"நான் கேக்க மாட்டேனா?"

"கேப்பீக. இருந்தா."

பெத்த மக இப்படிச் சொன்னதை எவன்கிட்ட போய்ச் சொல்றது. இத்தனை வருசம் கழிச்சும் வேல்சாமிக்குத்தான் காய்க்குது. நான் பெத்த பொண்ணு, அவன் பெத்த பயலைத் தம்பி தம்பின்னு கையெடுக்குறா.

வெளிய வந்து மாப்பிள்ளையைப் பிடிச்சேன். "பூட்டிட்டேன்னு சொன்னீகளே."

"பூட்டுனேன் மாமா." தலையைச் சொறிஞ்சார். "சாம்பா வாசல்ல பூட்டுனேன். மேக் வாசல்ல போடலை. ரெண்டுக்கும் தனித்தனியாப் போடணும்."

"அந்தப் பிள்ளை உள்ள இருக்கும்போதே இவ எப்படிப் போனா?"

"ரெண்டு வாசலுக்கும் ரெண்டு காவக்காரன். இவன் யாரை உள்ள விட்டிருக்கான்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டாங்க. நானும் அதைச் சரி பண்ணாம விட்டுட்டேன். உள்ள ரெண்டு பேரு இருந்தா, யாரு கடைசியா சேவ் பண்றாங்களோ, அதுதான் நிக்கும்."

"அந்த வாசலுக்குப் பூட்ட மறந்தீகளா, மறந்த மாதிரி இருந்தீகளா?"

அவர் மாடிப்படியைப் பாத்தார், என்னையும் பாத்தார். "மாமா, நான் உங்ககூட பகல்லதான் இருக்கேன். அவகூட வீட்டுலயும் இருக்கணும்."

இந்த ஒரு தடவைதான் அவரு எனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசுனது.

ஆனா அவர் சொன்னதுல எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. கடைசியா சேவ் பண்றவன் பேருதான் நிக்கும். அப்ப கடைசியா இருக்கணும், அவ்வளவுதான். பேனர் அடிக்க மதுரைக்கு சி.டி.யில ஏத்திக் கொண்டு போறதுதான் வழக்கம். நான் மலிகாவை உக்கார வச்சு, என் பேரைப் போட்டு, சேவ் பண்ணுன கையோட சி.டி.யில ஏத்தச் சொன்னேன். மாத்தி எழுத முடியாத சி.டி.யாப் பாத்துப் போடுன்னேன்.

"பூமயிலு அக்கா கோவிச்சுக்குவாக பெரியய்யா."

"கோவிச்சா உன்கிட்ட வரமாட்டா. போடு."

சட்டைப் பைக்குள்ள வச்சு, மேல கையை வச்சுக்கிட்டே மதுரை பஸ்ஸு ஏறுனேன். சி.டி.க்கு ரெண்டாவது வாசல் கிடையாது. மதுரையில அந்த மிஷின் என் மூஞ்சியைக் கீத்துக் கீத்தா வெளிய தள்ளுறதை நின்னு பாத்தேன். முடிஞ்சதும் மை காயட்டும்னான். காயுற வரைக்கும் பக்கத்துலயே இருந்து சுருட்டி வாங்கிட்டு வந்தேன்.

காது குத்து அன்னைக்குக் கோயில் வாசல்ல நானே கயிறு பிடிச்சுக் கட்ட வச்சேன். காத்துக்கு அது படபடன்னு அடிச்சுச்சு. வேல்சாமி வேனை விட்டு இறங்குனதும் அண்ணாந்து படிச்சான். அவன் பின்னாடி மருதுபாண்டி, தட்டுல பாவாடை சட்டை, பழம், தோடு எல்லாம் வச்சு எடுத்துட்டு வந்திருந்தான். பூமயிலு வரச் சொல்லியிருக்கா.

"என்னண்ணே, முடியெல்லாம் கறுத்துருச்சு" என்றான் வேல்சாமி. "இதுவும் கம்ப்யூட்டரு வேலையா?"

"உன்னது மாதிரி டப்பா வேலை இல்ல."

சுத்தி நின்னவுக சிரிச்சாக. மருதுபாண்டி சிரிக்கலை. பேனரைப் பாத்தான், தட்டை ஓரமா வச்சான், பந்தக்கால் பக்கம் போய் நின்னுக்கிட்டான். போய்ச் சண்டை போடுவான்னு நெனச்சேன். அப்படிப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சமுக்காளத்துல போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தேன். பூமயிலு வந்தா. எல்லாரும் அவளைப் பாத்தாங்க. மொட்டைத் தலையில சந்தனத்தோட பிள்ளையைத் தூக்கிட்டு வந்தவ ஒரு நிமிசம் நின்னா. அப்புறம் என் மடியில இறக்கி வச்சா.

பிள்ளை இருந்த கனம் நல்லா இருந்துச்சு. அதை மட்டும் மறைக்காமச் சொல்லிருறேன்.

காது குத்துற பத்தர் ஊசியை எடுத்ததும் பிள்ளை கத்த ஆரம்பிச்சுச்சு. துள்ளுது, வழுக்குது. பத்தர், "தலையை அசையாமப் பிடிங்க பெரியவரே" என்றார். பிடிச்சேன். பிடிச்ச கைதான் ஆடுது. காலை வேற மடக்கி உக்காந்ததுல மரத்துப் போச்சு. பத்தர் ஊசியை வச்சிட்டு, வச்சிட்டு எடுக்குறார். யாரும் கூப்பிடலை. மருதுபாண்டி வந்து எனக்கு எதுக்க முட்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையாலயும் பிள்ளை தலையை ஏந்துனான். "மாமாவைப் பாரு, இங்கன பாரு" என்றான். பிள்ளை என் மடியில இருந்துக்கிட்டே அவனைப் பாத்துச்சு. ஒரு காது முடிஞ்சுச்சு. மறு காதும் முடிஞ்சுச்சு.

ஃபோட்டோக்காரன் எடுத்த படத்துல நான் உக்காந்திருக்கேன், அவன் கை பிள்ளை தலையில இருக்கு. அதை வெட்டி எடுக்க முடியுமான்னு மலிகாகிட்டக் கேட்டேன். கையை எடுத்தா பிள்ளை காதும் சேந்து போயிரும் பெரியய்யான்னு சொல்லிருச்சு.

சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சு பூமயிலு என் பக்கத்துல வந்து உக்காந்தா.

"பேரும் உங்களுது, மடியும் உங்களுது. நிறைஞ்சுச்சா?"

"ம்."

"அப்ப மாமன் செய்யுறது எல்லாம் இனி நீங்கதான். ஊரே பேனரைப் படிச்சிருக்கு. மருது தட்டுல கொண்டாந்ததை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போறான், நான் தடுக்கலை. இவ சடங்குக்கு நீங்க வந்து குச்சு கட்டணும். கல்யாணத்துக்கு நின்னு மாலை போடணும். இருப்பீகளா?"

"இருப்பேன்."

"வாக்கு கொடுத்துட்டீகய்யா" என்றா. சிரிச்சாளா, அழுதாளான்னு தெரியலை. பாக்குறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டா.

பேத்திக்கு அப்ப வயசு மூணு. எனக்கு அறுபத்தெட்டு. கணக்குப் பாத்தா கொஞ்சம் இடிக்கத்தான் செய்யுது. அதனால பீடியை விட்டுட்டேன். விடியக்காலம் எந்திரிச்சுக் கேணிக்கரை வரைக்கும் வேக வேகமா நடக்குறேன். டாக்டரு கொடுத்த பிரசர் மாத்திரையைக்கூட, சந்தேகப்பட்டுக்கிட்டேதான்னாலும், முழுங்குறேன். மருதுபாண்டி கடையைத் திறக்க அந்த வழியாத்தான் டிவிஎஸ்ல வருவான். என்னைக் கண்டா மெதுவாக்குவான்.

"பெரியப்பா, ஏறிக்கிறீகளா?"

"வேணாம். நீ போ."

போவான். நான் நடந்தாத்தான் இருப்பேன்னு அவனுக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சுதான் தெனமும் கேக்குறான்.